யார் பெற்ற பிள்ளை?



தாயும் தந்தையும் இன்னாரென்று அறியாத சிறுவன் ஒருவன். ஆயர் குடிசையிலோ, மீனவர் குப்பத்திலோ, கோயில் மடைப்பள்ளியிலோ அவன் வளர்கிறான். அவன் கழுத்தில் பழைய தாயத்து ஒன்று கிடக்கிறது. அல்லது தோளில் ஒரு மச்சம் இருக்கிறது. ஒருநாள் முதியவர் ஒருவர் அதனைக் கண்டு திடுக்கிடுகிறார். "குழந்தாய், இஃது உனக்கு எங்கே கிடைத்தது?" என்று கேட்கிறார். அந்த ஒரு கேள்வியோடு கதை விரைவு கொள்கிறது. இடிந்த கோட்டையும், மாண்ட மன்னனும், சூழ்ச்சி செய்த அமைச்சனும், நன்றி மறவாத பணியாளும் ஒருவர் பின் ஒருவராய் வந்து நிற்கின்றனர். முடிவில், குடிசையில் வளர்ந்த அப்பிள்ளை அரசிளங்குமரன் என்பது வெளிப்படுகிறது.

சிறுவர்க்கென எழுதப்பெறும் வரலாற்றுப் புதினங்களில் இக்கதை எத்தனையோ வடிவங்களில் வழங்கி வருகிறது. இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலப் பேராசிரியர்கள் போற்றும் டிக்கென்ஸ், 1837ஆம் ஆண்டு தொடங்கி எழுதிய 'ஆலிவர் டுவிஸ்ட்' என்னும் நூலும், ஏழையர் விடுதியில் பிறந்த ஒரு சிறுவன் தன் குலமும் உரிமையும் அறிந்த கதையே. பாரதத்துக் கர்ணனைத் தேரோட்டியின் இல்லத்தில் வைத்து வளர்த்ததும் இதே கதைதான். பாட்டிமார் சொல்லும் கதைகளில் பாதிக்கு மேல் இவ்வகையைச் சேர்ந்தவை என்றால் அது மிகையாகாது.

இத்தகைய கதைகளில் வரலாறு எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்பதைப் பற்றியே இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன். இதனை எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மாணவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். அன்று நான் அவனுக்குத் தக்க விடை கூறவில்லை. காலந்தாழ்ந்தேனும் அக்கடனைத் தீர்க்க வேண்டுமென்று விரும்புகிறேன்.

காரியாபட்டி வட்டாரத்தில் நான் தலைமையாசிரியனாய்ப் பொறுப்பேற்ற தொடக்க ஆண்டுகளில், நிலக்கடலை வறுத்து விற்கும் கிழவி ஒருத்தி ஒரு சிறுவனைக் கைப்பிடித்துப் பள்ளிக்கு அழைத்து வந்தாள். மழைநாள் இரவொன்றில் பேருந்து நிலையத்தின் ஓரத்தில் தனியே அழுதுகொண்டிருந்த குழந்தையை எடுத்துவந்து வளர்த்தவள் அவள். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் பிறந்த நாள் என்றொரு கட்டம் உண்டு. பிறந்த நாள் தெரியாத பிள்ளைகளுக்கு ஜூன் மாதத்துத் தேதி ஒன்றை எழுதிக்கொள்வது அக்காலத்து வழக்கமாதலின், அதனை எளிதாய் நிரப்பிவிட்டோம். அடுத்த கட்டம் தகப்பனார் பெயர். எழுத்தர் பேனாவை நிறுத்திக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். "என் பேரைப் போட்டுக்கிடுங்க ஐயா" என்றாள் கிழவி. பாதுகாவலர் என்ற இடத்தில் அவள் பெயர் ஏறிற்று. தகப்பனார் என்ற இடம் வெறுமையாகவே நின்றது.

அச்சிறுவன் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபோது, நூலகத்திலிருந்த 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும் ஒன்றன்பின் ஒன்றாய் வாங்கிப் படித்தான். கடைசிப் பாகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவன் சற்று நேரம் தயங்கி நின்றான். பிறகு, "ஐயா, என் தகப்பனாரும் யாரேனும் பெரிய மனிதராய் இருந்திருப்பாரா?" என்று கேட்டான். தேர்வு நெருங்கிவிட்டதே என்ற கவலை எனக்கு. "கதை வேறு, வாழ்க்கை வேறு, போய்ப் பாடத்தைப் படி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் முகம் வாடியதை இன்றும் நான் மறக்கவில்லை.

அவன் கேட்ட கேள்வியில் தவறில்லை. அந்நூல் அவனுள்ளத்தில் அக்கேள்வியை எழுப்பியதும் இயல்பே. 'கல்கி' இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த அப்பெருங்கதையில் சேந்தன் அமுதன் என்றொரு இளைஞன் வருகிறான். பேச இயலாத தாய் ஒருத்தியால் வளர்க்கப்பெற்று, கோயிலுக்கு மலர் கட்டிக் கொடுத்து, சிவத்தொண்டே பெரிதெனக் கருதி வாழ்பவன். அரண்மனையில் இளவரசனாய் வளர்ந்தவன் உண்மையில் சோழர் குலத்தவன் அல்லன் என்பதும், இம்மலர்த்தொண்டனே கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த மைந்தன் என்பதும் கதையின் இறுதியில் விளங்குகின்றன. அவனே உத்தம சோழன் என்ற பெயரோடு முடி சூடுகிறான்.

வரலாறு கூறுவது யாது? உத்தம சோழன் உண்மையாகவே வாழ்ந்த மன்னன். ஏறத்தாழ 970ஆம் ஆண்டு தொடங்கி 985 வரை சோழநாட்டை ஆண்டவன். அவனுடைய பிறப்பில் மறைபொருள் ஏதும் இல்லை. அவனைத் தன் திருவயிற்றில் தாங்கிய பிராட்டி என்றே செம்பியன் மாதேவியைக் கல்வெட்டுகள் குறிப்பிடுகின்றன. கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக எடுப்பித்த அப்பெருமாட்டி, தன் மகன் இன்னான் என்பதைக் கல்லிலேயே பொறித்து வைத்துச் சென்றிருக்கிறார். குழந்தை மாறிய செய்தி எந்தச் செப்பேட்டிலும் இல்லை.

அங்ஙனமாயின் கல்கி ஏன் அவ்வாறு புனைந்தார்? வரலாற்றில் ஓர் இடைவெளி இருந்தது. சுந்தர சோழருக்குப் பின் அவருடைய மைந்தனாகிய அருள்மொழி அரியணை ஏறவில்லை. தன் சிறிய தந்தையாகிய உத்தமன் நாட்டை விரும்பும் வரையில் தான் அதனை விரும்பவில்லை என்று ஒதுங்கி நின்றான் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் புகழ்கின்றன. ஆட்சி நடத்தும் ஆற்றல் படைத்த இளைஞன் கைக்கு எட்டிய மணிமுடியை ஏன் விட்டுக்கொடுத்தான்? இவ்வினாவுக்குச் செப்பேடு முழு விடை தரவில்லை. அவ்விடைவெளியில்தான் புதின ஆசிரியர் தம் கற்பனையை நட்டார். கல்லில் எழுதியதை அழிக்காமல், கல் பேசாத இடத்தில் பேசுவது வரலாற்றுப் புதினத்தின் இலக்கணம். கல்கியோ இங்கே அவ்வெல்லையைச் சிறிது கடந்தார். கல் பேசிய இடத்திலும் தாம் பேசினார். கதையின் சுவைக்காக அதனை நாம் பொறுத்துக்கொள்ளலாம். ஆயினும் மாணவர் இவ்வேறுபாட்டை அறிந்து படித்தல் வேண்டும்.

இனி, தன் பிறப்பை அறியும் அனாதைப் பிள்ளையைத் தமிழிலக்கியத்தில் தேடிப் புதினங்கள் வரை வரவேண்டியதில்லை. 'மணிமேகலை' என்னும் காப்பியத்திலேயே அவன் இருக்கிறான். ஆபுத்திரன் என்பது அவன் பெயர்.

வாரணாசி நகரத்து அந்தணன் ஒருவனின் மனைவியான சாலி என்பவள், கற்புநெறி பிறழ்ந்த குற்றத்திற்குக் கழுவாய் தேடிக் குமரித் துறையில் நீராடப் புறப்பட்டாள். வழியில் ஒரு தோட்டத்தில் ஓர் இரவு ஆண்மகவைப் பெற்றாள். அதனை அங்கேயே விட்டுச் சென்றாள். அழுத குழந்தைக்குப் பசு ஒன்று ஏழு நாள் பாலூட்டிக் காத்தது. வயனங்கோடு என்னும் ஊரைச் சார்ந்த இளம்பூதி என்ற அந்தணன் குழந்தையைக் கண்டெடுத்தான். பிள்ளையில்லாத அவன் இது தன் மகனே என்று சொல்லி வீட்டிற்கு எடுத்துச் சென்று வளர்த்தான், மறைகளையும் கற்பித்தான். பசுவின் பாலால் பிழைத்தமையால் அவன் ஆபுத்திரன் ஆனான்.

வளர்ந்த ஆபுத்திரன், வேள்விக்கெனக் கட்டி வைத்திருந்த பசு ஒன்றைக் கண்டு உள்ளம் உருகி, இரவில் அதனை அவிழ்த்துக்கொண்டு சென்றான். ஊரார் அவனைத் துரத்திப் பிடித்தனர். வாதம் முற்றியது. அப்போது அவன் பிறப்பின் இரகசியத்தை அறிந்த ஒருவன் அதனை அவையில் போட்டு உடைத்தான்; சாலியின் கதையைச் சொல்லி இகழ்ந்தான். நம் கதைகளில் பிறப்பு வெளிப்படும்போது சிறுவனுக்கு அரியணை கிடைக்கும். ஆபுத்திரனுக்கோ கிடைத்தது அவமானம். எனினும் அவன் தலை குனியவில்லை, நகைத்தான். முனிவர்களின் பிறப்பை எண்ணிப் பாருங்கள் என்று அவர்களுடைய மறைநூல் வழியே விடை கூறினான். வளர்த்த தந்தையும் அவனைக் கைவிட்டான். அந்தணர் வாழும் ஊர்களில் அவன் ஏந்திய ஓட்டில் சோற்றுக்கு மாறாகக் கல்லை இட்டனர்.

அவன் சென்ற ஊர் எது தெரியுமா? நமக்கு அண்மையிலுள்ள மதுரை மாநகர். அங்கே சிந்தாதேவி கோயிலின் முன் இருந்த மன்றத்தில் தங்கினான். வீடுதோறும் இரந்து பெற்ற சோற்றைக் குருடர், செவிடர், முடவர், ஆதரவற்றோர் அனைவரையும் கூவி அழைத்து உண்பித்து, எஞ்சியதைத் தான் உண்டு, ஓட்டையே தலையணையாய் வைத்து உறங்கினான். மழைக்காலத்து நள்ளிரவொன்றில் பசியோடு வந்தவர்க்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல் அவன் வருந்தி நின்றபோது, சிந்தாதேவி அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியை அவன் கையில் தந்தாள்.

கதை அதனோடு முடியவில்லை. மழை வளம் பெருகிப் பசித்தவரே இல்லாது போக, பாத்திரம் பயனற்றதாயிற்று. சாவகநாட்டில் பஞ்சம் என்று கேள்வியுற்று அவன் கப்பலேறினான். மணிபல்லவத் தீவில் கப்பல் தங்கியபோது இறங்கிய அவனை, ஏறிவிட்டான் எனக் கருதி விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. ஆள் இல்லாத தீவில் அமுதசுரபியால் தான் ஒருவன் மட்டும் உண்டு உயிர்வாழ அவன் உடன்படவில்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்தான். மறுபிறப்பில் சாவகநாட்டில் தோன்றி, மகப்பேறு இல்லாத பூமிசந்திரன் என்ற மன்னனால் வளர்க்கப்பெற்றுப் புண்ணியராசன் என்னும் அரசனானான். தான் அம்மன்னன் பெற்ற மகன் அல்லன் என்பதையும் அறிந்தான். பின்னர் மணிமேகலை காட்ட, மணிபல்லவத்து மணலின் கீழ்த் தன் பழைய உடம்பின் எலும்புகளைத் தானே கண்டான். தன் வேரைத் தேடிச் சென்ற பிள்ளைக்கு இதனினும் வியப்பான முடிவை எந்தப் புதினமும் தந்ததாக நான் அறியேன்.

இஃது இலக்கியம், வரலாறு அன்று. ஆனால் இதில் ஒரு வரலாற்று உண்மை இருக்கிறது. பிறப்பால் ஒருவனை இகழும் வழக்கமும், அதனை எதிர்த்து வினவும் அறிவும் இந்நாட்டில் மிகப் பழைய காலத்திலேயே இருந்தன என்பதே அது. யார் பெற்ற பிள்ளை என்று ஊர் கேட்டபோது, யார்க்குச் சோறிட்டான் என்று காப்பியம் விடை கூறிற்று.

இனி நம் மண்ணுக்கு வருவோம். காரியாபட்டிக்கு அடுத்த திருச்சுழி வட்டத்தில், நரிக்குடியை ஒட்டி முக்குளம் என்னும் சிற்றூர் உள்ளது. மருது சகோதரர்கள் பிறந்த ஊர் அது. சிவகங்கைச் சீமையை ஆண்ட முத்துவடுகநாதர் 1772ஆம் ஆண்டு காளையார்கோயிலில் நவாபு, கம்பெனி ஆகியோரின் படைகளால் கொல்லப்பட்டார். அரசி வேலுநாச்சியாரும் இளமகள் வெள்ளச்சியும் மருது சகோதரர்களின் துணையோடு திண்டுக்கல்லுக்கு அப்பாலுள்ள விருப்பாட்சியில் அடைக்கலம் புகுந்தனர். தந்தையை இழந்த அப்பெண் குழந்தை எட்டாண்டுக் காலம் அயல் மண்ணில் வளர்ந்தாள். மைசூர் ஐதரலியின் உதவியோடு 1780இல் அரசி நாட்டை மீட்டார்.

அதே 1772இல் இராமநாதபுரமும் வீழ்ந்தது. சிறுவனாகிய முத்துராமலிங்க சேதுபதியும் அவன் தாயும் திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் சிறை வைக்கப்பட்டனர். 1781இல்தான் அவன் விடுதலை பெற்று நாடு திரும்பினான். கதைகளில் வரும் அரசிளங்குமரர் குடிசையில் வளர்வார்கள்; வரலாற்றில் வந்த அரசிளங்குமரனோ சிறையில் வளர்ந்தான்.

நான் சொல்ல வந்த பிள்ளை இவ்விருவருக்கும் பிந்தியவன். சின்ன மருதுவின் மைந்தன் துரைச்சாமி.

1801ஆம் ஆண்டு தென்பாண்டி நாடு முழுதும் கொந்தளித்தது. பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து பிப்ரவரித் திங்களில் தப்பிய ஊமைத்துரை, பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மீண்டும் எழுப்பினான். மே மாதம் அக்கோட்டை வீழ்ந்தபின் சிவகங்கைச் சீமையில் அடைக்கலம் பெற்றான். அடைக்கலம் தந்தவர் மருதுவே. சூன் 16ஆம் நாள் சின்ன மருதுவின் அறிக்கை திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் ஒட்டப்பட்டது, திருவரங்கத்திலும் ஒட்டப்பட்டது. அவ்வறிக்கை ஒரு குலத்தாரை நோக்கியதன்று. எல்லாச் சாதியாரையும், முசுலிம்களையும் ஒருசேர விளித்து அயலார் ஆட்சியை எதிர்க்குமாறு அழைத்தது. அக்டோபர் முதல் நாள் காளையார்கோயில் வீழ்ந்தது. அதே திங்கள் 24ஆம் நாள் மருது சகோதரர் இருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அவர்களுடைய உறவினரும் படைத்தலைவர்களும் பலர் உயிரிழந்தனர்.

அப்போது துரைச்சாமிக்கு வயது ஏறத்தாழ 15. உங்களில் பத்தாம் வகுப்பு படிப்போரின் வயது என்று கொள்ளுங்கள். அவனையும், சிவகங்கையின் அரசராய் இருந்த வேங்கன் பெரியவுடையத் தேவரையும், இன்னும் பலரையும் சேர்த்து எழுபதுக்கு மேற்பட்டோரைக் கம்பெனியார் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் கப்பலேற்றினர். கப்பல் சென்ற இடம், அக்காலத்தில் வேல்சு இளவரசர் தீவு எனப் பெயர் வழங்கிய பினாங்கு. ஆபுத்திரன் தானே விரும்பிச் சென்ற கீழ்க்கடலில், இவன் விலங்கோடு சென்றான்.

இதன்பின் நடந்ததை நமக்கு எழுதி வைத்தவர் பகைவர் படையைச் சேர்ந்த ஒருவர் என்பது வரலாற்றின் விந்தை. சேம்சு வெல்சு என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, பாளையக்காரர் போரில் கம்பெனியின் பக்கம் நின்று போரிட்டவர். அவர் இளைஞராய்த் தென்னாட்டுக்கு வந்த நாளில் சின்ன மருது அவரிடம் அன்பு காட்டினார். வேல் எறியவும் வளரி வீசவும் அவருக்குக் கற்பித்தார். பிற்காலத்தில் அதே மருதுவை வேட்டையாடும் படையில் அவர் இருக்க நேர்ந்தது. அக்கடமையை எண்ணி வருந்தியதைத் தம் நினைவுநூலில் மறைக்காமல் எழுதியுள்ளார். 1830இல் இலண்டனில் அச்சான அந்நூல் இரண்டு தொகுதிகளாய் இன்றும் கிடைக்கிறது.

1818ஆம் ஆண்டு அவர் படையுடன் பினாங்கு செல்ல நேர்ந்தது. அங்கே நோயுற்று மெலிந்த முதியவன் போன்ற ஒருவன் அவர்முன் வந்து நின்றான். யார் என்று வினவினார். தன் பெயரைச் சொன்னான் அவன். 'துரைச்சாமி' என்ற அப்பெயர் அவர் நெஞ்சைத் துளைத்தது. சின்ன மருதுவின் அழகிய இளமைந்தனை அவர் அறிவார். அப்போது அவன் வயது முப்பத்திரண்டு அளவே இருக்கும். பதினாறு ஆண்டுச் சிறைவாழ்வு அவனை முதியவனாக்கியிருந்தது. வேல் எறியக் கற்பித்தவரின் மகனுக்கு வெல்சினால் ஒன்றும் செய்ய இயலவில்லை. அரசாங்கத்தின் ஆணையால் அடைபட்டவனை அவர் விடுவிப்பது எங்ஙனம்?

மாணவர்களே, இங்கே சற்று நின்று எண்ணிப் பாருங்கள். துரைச்சாமி தன் தந்தை யார் என்பதை அறிந்தவன். அதனை அறிந்த குற்றத்திற்காகவே தண்டனை பெற்றவன். கதையில் குலப்பெயர் அரியணையைத் தருகிறது. 1802இல் குலப்பெயர் கப்பலில் ஏற்றியது.

அக்கப்பலில் எழுபதுக்கு மேற்பட்டோர் சென்றனர் அல்லவா? அவர்களில் பெரும்பாலோர்க்கு ஊரில் மனைவியும் மக்களும் இருந்திருப்பர். தூக்கிலிடப்பட்டோர்க்கும் அவ்வாறே. 1801 டிசம்பரில் ஆளுநர் கிளைவு பிரபு வெளியிட்ட அறிக்கை, மக்கள் படைக்கலங்கள் வைத்திருத்தலைத் தடுத்தது. மீறுவோர்க்குக் கடுந்தண்டனை குறித்தது. கோட்டைகள் இடிக்கப்பட்டன. அத்தகைய நாளில், "உன் தகப்பன் மருதுவோடு நின்று மாண்டான்" என்று தாய் தன் பிள்ளைக்கு வாய்விட்டுச் சொல்லியிருப்பாளா? சொல்லாமலே வளர்த்த தாய்மார் பலர் இருந்திருக்க வேண்டும் என்று எண்ணுதல் தவறாகாது. சேர்க்கைப் பதிவேட்டின் வெற்றிடத்தைப் போல, முக்குளத்திலும் நரிக்குடியிலும் சிறுவயலிலும் எத்தனையோ வீடுகளில் ஒரு பெயர் சொல்லப்படாமலே போயிருக்கும். தம் பிறப்பை அறியாத உண்மையான வரலாற்றுப் பிள்ளைகள் அவர்களே. அவர்களுக்கு மச்சமும் இல்லை, தாயத்தும் இல்லை. அவர்களைப் பற்றிய புதினமும் இல்லை.

உங்களுள் ஒருவர் பிற்காலத்தில் அப்புதினத்தை எழுதலாம். எழுதுவீராயின் மூன்றினை மனத்திற் கொள்க.

முதலாவது, ஆவணம். எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கம்பெனிக் காலத்துக் கடிதங்கள் காக்கப்பட்டுள்ளன. வரலாற்றுப் பேராசிரியர் இராசய்யன் அத்தகைய ஆவணங்களை ஆராய்ந்து, 1800, 1801ஆம் ஆண்டுகளின் கிளர்ச்சியே முதல் விடுதலைப் போர் என்று நிறுவிய நூல் 1971இல் வெளிவந்தது. வெல்சின் நினைவுநூலும் இருக்கிறது. வென்றவர் எழுதியதைப் படிக்கும்போது, அவர் எதைக் கூசாமல் சொல்கிறார், எதை மறைக்கிறார் என்று கவனித்துப் படித்தல் வேண்டும்.

இரண்டாவது, வாய்மொழி. கும்மிப் பாடல்களும் கதைப் பாடல்களும் ஊர்ப் பெரியோரின் பேச்சும் ஆவணம் கூறாதவற்றைக் கூறும். ஆயினும் அவை ஆண்டுகளைக் கலக்கும்; ஆட்களை மாற்றும். ஆதலின் ஒன்றை மற்றொன்றால் சோதித்துக் கொள்க.

மூன்றாவது, நேர்மை. கற்பனை செய்த இடம் எது, கண்டறிந்த இடம் எது என்பதை முன்னுரையில் படிப்பவர்க்குச் சொல்லிவிடுக. சிறுவர்க்கு எழுதும் நூலில் இது இருமடங்கு கடமையாகும். ஏனெனில் சிறுவர் படித்ததனைத்தையும் நம்புவர்.

இதனை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? "யார் பெற்ற பிள்ளை" என்னும் கேள்வி இனிய கதைக்கு விதையாவது போலவே, கொடிய பகைக்கும் விதையாகக் கூடும். மருதுவோடு நின்ற சீமையை அடக்க, கம்பெனியார் முதலில் கையாண்ட கருவி எது? சிவகங்கையின் உண்மையான வாரிசு இவரே என்று படமாத்தூர் கௌரி வல்லபரை 1801இல் முன்னிறுத்தியதே. குலவுரிமை என்ற சொல் ஒன்றே மக்களைப் பிரிக்கப் போதுமானதாயிற்று. பின்னர் அந்தச் சமீனின் வாரிசுரிமை வழக்கு கடல் கடந்து இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1863இல் அங்கே தீர்ப்பாயிற்று.

நம் காலத்திலும் பள்ளிக்கூட வாயிலில் கைகளில் வண்ண வண்ணக் கயிறு கட்டிக்கொண்டு, தத்தம் குலத்தாரே அந்நாளில் ஆண்டவர் என்று மார்தட்டும் பிள்ளைகளை ஆசிரியர் அனைவரும் கண்டிருக்கிறோம். மருதுவின் பெயரைச் சொல்லி அடுத்தவனை இகழ்பவன், மருதுவின் அறிக்கையைப் படித்தவன் அல்லன். எல்லாரையும் அழைத்த ஒருவரை ஒரு தெருவுக்குள் அடைப்பது அவருக்கு இழைக்கும் இரண்டாம் தண்டனையாகும்.

வேரைத் தேடுவது குற்றமா என்று கேட்பீர்கள். குற்றமன்று, நல்லறிவின் தொடக்கம் அதுவே. திருச்சுழியில் 1879ஆம் ஆண்டு பிறந்த வேங்கடராமன் என்னும் சிறுவன் பன்னிரண்டு வயதில் தந்தையை இழந்தான். மதுரையில் சிற்றப்பனார் வீட்டில் வளர்ந்தான். 1896இல் ஒருநாள், தன் தந்தையைத் தேடிப் புறப்படுவதாக ஒரு துண்டுக் கடிதம் எழுதி வைத்துவிட்டுத் திருவண்ணாமலைக்குச் சென்றுவிட்டான். அக்கடிதத்தின் அடியில் அவன் பெயரை எழுதவில்லை. ஒரு கோடு மட்டுமே இட்டிருந்தான். பின்னாளில் உலகம் அவரை இரமண மகரிசி என்று அறிந்தது. 'நான் யார்' என்னும் கேள்வியை அவர் வாழ்நாள் முழுதும் விடவில்லை. நம் பக்கத்து ஊர்ப் பிள்ளை ஒருவர் அக்கேள்வியை அவ்வளவு ஆழமாய்க் கேட்டார் என்பதை நினைக்குந்தோறும் எனக்குப் பெருமிதம் உண்டாகிறது.

ஆகவே, தேடுங்கள். உங்கள் பாட்டனார் எவ்வூரிலிருந்து எந்தப் பஞ்சத்தில் எந்தத் தொழிலைத் தேடி வந்தார் என்று கேட்டறியுங்கள். பழைய பத்திரங்களையும் பிறப்பு இறப்புப் பதிவேடுகளையும் பாருங்கள். கரிசல் காட்டில் பருத்தி விளைத்தவரும், தீப்பெட்டிக்குக் குச்சி அடுக்கியவரும், பட்டாசுக்குத் திரி முறுக்கியவரும் உங்கள் முன்னோராய் இருக்கக் கூடும். அவர்களுக்குச் செப்பேடு இல்லை. அதனால் அவர்கள் சிறியோர் ஆகமாட்டார்கள். அவர்கள் பட்ட பாட்டை எழுதி வைப்பீராயின் அதுவே செப்பேடாகும்.

இறுதியாக, என்னிடம் கேள்வி கேட்ட மாணவனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அவன் பள்ளியிறுதித் தேர்வில் தேறினான். தொழிற்பயிற்சி பெற்று மின்பணியாளன் ஆனான். கிழவி இறந்தபோது மகன் செய்யும் கடன் அனைத்தையும் அவனே செய்தான். நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், தன் மகளைச் சேர்ப்பதற்காக அதே பள்ளிக்கு வந்தான். பதிவேட்டை எடுத்து நானே எழுதினேன். குழந்தையின் பெயர் என்னவென்று கேட்டேன். கிழவியின் பெயரைச் சொன்னான். அடுத்த கட்டத்திற்கு வந்தேன். தகப்பனார் பெயர். நான் கேட்பதற்கு முன்பே அவன் தன் பெயரைத் தெளிவாய்ச் சொன்னான். எழுதி முடித்து நிமிர்ந்தபோது, அவன் அக்கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று அவனுக்கு நான் கூறியிருக்க வேண்டிய விடை இதுதான். "தம்பி, உன் தகப்பனார் பெரிய மனிதராய் இருந்தாரா என்பதை வரலாறு எனக்குச் சொல்லவில்லை. ஆனால் மழையில் அழுத குழந்தையைத் தூக்கி வந்து, கடலை விற்று வளர்த்துப் பள்ளியில் சேர்த்த பெரிய மனுஷி ஒருத்தியை நீ அறிவாய். ஆபுத்திரனுக்குப் பால் தந்த பசுவும் அவனைப் பெற்ற தாயன்று." இதை அன்றே சொல்லியிருந்தால் அவன் முகம் மலர்ந்திருக்கும். இன்று உங்களுக்குச் சொல்கிறேன். உங்களோடு படிப்பவருள் அத்தகைய பிள்ளை ஒருவன் இருந்தால், நீங்கள் அவனுக்குச் சொல்லுங்கள்.